காலை நடையில் ‘இலவச உடல் பரிசோதனை’ என்று கூப்பிடுபவர்களிடம் கவனம்

பார்க்கிலும் மைதானத்திலும் காலை நேரத்தில் ஒரு மேசை, ஒரு பேனர், கைப்பிடி வைத்த ஒரு எடை மெஷினோடு நின்றுகொண்டு “இலவச செக்கப், ரெண்டே நிமிஷம்தான் அக்கா” என்று கூப்பிடுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்களுக்குப் பணமும் போனது, ஆனால் எனக்கு ஆறாத விஷயம் அது இல்லை.

அம்மாவுக்கு 63 வயது. முட்டி வலிக்கு எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், அதனால் இரண்டு பேரும் நடக்கப் போக ஆரம்பித்தோம், அங்கேதான் பிடித்தார்கள். மெஷினில் ஏற்றி, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று ஒரு அட்டையில் வரிசையாக எழுதினார்கள். கடைசியில் “உடல் வயது 78” என்று எழுதி அதைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம். அம்மாவின் முகம் அப்படியே வாடிப்போய்விட்டது.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பிறகுதான் எங்கள் டாக்டர் விளக்கினார். உடம்புக்குள் மிக லேசான மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்திருக்கிறோமா, சாப்பிட்டிருக்கிறோமா, நடந்து வியர்த்திருக்கிறோமா என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். “உடல் வயது” என்பது எந்த டாக்டரும் பார்த்து மருந்து எழுதுகிற அளவு கிடையாது, மெஷின்காரர்களே வைத்திருக்கிற ஒரு சூத்திரம். ஆனால் பயமுறுத்துவதற்கு அதைவிட நல்ல எண் வேறு இல்லை.

அப்புறம் அவர்களுடைய எடை குறைப்பு கிளப்பில் சேரச் சொன்னார்கள், சேர்ந்தோம். ஒரு வீட்டு மாடியில் காலையில் கூடுவார்கள், பாட்டு, கைதட்டல், யார் எவ்வளவு குறைந்தார்கள் என்ற அறிவிப்பு, எல்லோர் கையிலும் புரோட்டீன் பவுடர் கரைத்த ‘ஷேக்’. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர், மாதத்துக்கு ஒருவருக்கு 7,500 ரூபாய். பில் கேட்டால் நோட்டில் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள், பணம், கிளப்பை நடத்தும் ‘கோச்’சின் சொந்த நம்பருக்கு ஜிபே. முதல் வாரத்தில் எடை கிடுகிடுவென்று இறங்கியது, நிஜம்தான். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரையும், அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரும் வெளியேறும், முதலில் குறைவது பெரும்பாலும் அதுதான். அதைக் கொழுப்பு என்று சொல்லி கைதட்ட வைக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அம்மா காலையில் சர்க்கரைக்கு கிளிமிபிரைட் மாத்திரை போடுபவர். கோச்சுக்கு அது தெரியும், மாத்திரைச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கியே வைத்திருந்தார். கொஞ்ச நாளில் அம்மாவுக்கு முற்பகலில் குபுகுபுவென்று வியர்க்கும், கை நடுங்கும். குரூப்பில் கேட்டதற்கு வந்த பதில்: “பயப்படாதீங்க அம்மா, டாக்ஸின் வெளியேறுது, கொழுப்பு கரையுது. வியர்வை நல்லது. டாக்டர்கிட்ட கேட்டா ஷேக்கை நிறுத்தச் சொல்வாங்க, அவங்களுக்கு நியூட்ரிஷன் தெரியாது.” ஒருநாள் பதினொரு மணிக்கு அம்மா என்னை என் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டு சம்பந்தமே இல்லாமல் பேச ஆரம்பித்தார். குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 51தான், ரொம்பக் குறைவு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கொஞ்சம் தெளிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் சொன்னது இதுதான். அந்த வகை மாத்திரை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இட்லியும் சாம்பாரும் போன இடத்தில் ஒரு தம்ளர் ஷேக் மட்டும் போனால் சர்க்கரை சரியத்தான் செய்யும், மாத்திரை அளவை டாக்டர் மாற்றாமல் சாப்பாட்டை மாற்றவே கூடாது. வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்து பவுடர் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. சப்ளிமென்ட் எதுவானாலும் அந்த வரி இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த டின்னை வைத்துத்தான் “சுகர் ரிவர்ஸ் ஆகும்” என்றார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

கோச்சிடம் போய்க் கேட்டபோது “அம்மா உடம்பு இன்னும் அட்ஜஸ்ட் ஆகலை” என்றார். திறக்காத இரண்டு டின்களைத் திருப்பி எடுக்கவில்லை. அதே மூச்சில், நீங்களே கோச் ஆகிவிட்டால் தள்ளுபடி, கீழே நான்கு பேரைச் சேர்த்தால் வருமானம் என்கிறார்! அவர் படித்தது என்ன என்று கேட்டேன். அவரும் முந்தின வருஷம் அங்கே ஷேக் குடிக்க வந்தவர்தான். ஆள் சேர்ப்பதற்கே காசு என்ற பிரமிட் முறையை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

உடம்பைக் கவனிக்க ஆரம்பிக்க ஆசைப்படுபவர்களுக்கு டின் தேவையே இல்லை, காசில்லாமல் நல்ல வழிகள் இருக்கின்றன என்பதுதான் வயிற்றெரிச்சல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இணையத்தில் இலவசம். தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்கிறது, உடம்பு ஏற்ற புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றும் சொல்கிறது. புரதம் நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு, அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு, மீதியைப் பருப்பும் சுண்டலும் தயிரும் பார்த்துக்கொள்ளும். நடப்பதற்கு 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. சர்க்கரையும் பிரஷரும் பார்க்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உணவு ஆலோசனை வேண்டுமென்றால் டயட்டீஷியன் படிப்பு படித்தவரா என்று நேராகக் கேளுங்கள், பவுடர் விற்கிறாரா என்றும் கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குக் கூப்பிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம், வாங்கிய பொருளின் தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நான் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. ஜிபே ரசீது, அட்டை, டின்னின் படம், குரூப் மெசேஜ் எல்லாவற்றையும் முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எங்கள் கோச் அந்த “வியர்வை நல்லது” மெசேஜை நான் சண்டை போட்ட அன்று சாயங்காலமே அழித்துவிட்டார், அதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருந்ததால்தான் புகாரில் சேர்க்க முடிந்தது.