இலை வண்ண அட்டை: இரண்டு சம்பாவுக்குப் பிறகு என் மதிப்பீடு

திருவிடைமருதூர் வட்டாரத்தில் சம்பா சாகுபடி செய்யும் நான், நெற்பயிருக்கு யூரியா எப்போது போடுவது என்பதைத் தீர்மானிக்க உதவும் இலை வண்ண அட்டையை இரண்டு பருவங்கள் தவறாமல் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். உள்ளங்கை நீளத்துக்குச் சற்றே கூடுதலான பிளாஸ்டிக் அட்டை அது. வெளிர்மஞ்சள் கலந்த பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை, ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட ஆறு பட்டைகள் வரிசையாக இருக்கின்றன. இலை எவ்வளவு வெளிறியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பயிருக்கு யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்பது கணக்கு. பட்டைகளின் மேல் நெல்லிலையின் நரம்பைப் போலவே மெல்லிய வரிகள் ஓடுகின்றன. பளபளப்பான பரப்பாக இருந்தால் வெளிச்சம் எதிரொளித்துக் கண்ணை ஏமாற்றும் என்பதை எண்ணிச் செய்த வேலை அந்த வரிகள் என்று புரிந்தபோது, இந்தப் பொருளின் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

ஜப்பானில் தோன்றிய இந்த எண்ணத்தை உழவர் கைக்கு ஏற்றபடி வளர்த்துப் பரப்பியது பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். பயன்படுத்தும் முறை எளிது. நடவு செய்த பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை வயலில் நோயற்ற பத்துக் குத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, நம் நிழலிலேயே பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில், அதே ஆள் பார்க்க வேண்டும். பத்தில் ஐந்துக்கு மேற்பட்ட இலைகள் அந்த ரகத்துக்கு உரிய வரம்பு எண்ணுக்குக் கீழே நின்றால்தான் மேலுரமாக யூரியா போட வேண்டும். இந்த நிபந்தனைகளைப் படித்தபோது தேவையற்ற கெடுபிடி என்றே நினைத்தேன். காலை எட்டரை மணிக்கு நான்கு என்று நான் குறித்த இலையை என் சித்தப்பா மகன் உச்சி வெயிலில் பார்த்து மூன்று என்று சொன்ன அன்றுதான், நிபந்தனைகள் இல்லையென்றால் அட்டையே இல்லை என்பது விளங்கிற்று. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கூடங்களில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுதான்: மாறக்கூடியவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு, அந்த ஒன்றைப் பல முறை அளப்பது.

முதல் பருவம் எனக்கு நன்றாக அமையவில்லை. அட்டையை விற்ற கடையில் கொடுத்த துண்டுத்தாளில் எல்லா ரகத்துக்கும் வரம்பு எண் நான்கு என்று மட்டுமே அச்சாகியிருந்தது. நான் போட்டிருந்ததோ வெள்ளைப் பொன்னி. தழைச்சத்தை அதிகம் தாங்காத அந்த ரகத்துக்கு வரம்பு மூன்றுதான். அட்டை நான்கைத் தொடவில்லை என்று நான் மேலும் மேலும் யூரியா போட, மார்கழி மழையில் கதிர் பிடித்த பயிர் பாதி வயலுக்குச் சாய்ந்துவிட்டது. குறை அட்டையில் இல்லை, தாளில். ஆனாலும் வாங்குகிறவருக்கு இரண்டும் சேர்ந்துதான் பொருள். ரகவாரியான எண்ணை அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இரண்டாம் பருவத்தில் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தைப் போட்டபோது, அட்டையை நம்புவதா வழக்கத்தை நம்புவதா என்பதை வயலையே கேட்டுவிடத் தீர்மானித்தேன். ஒரு பாதியில் அட்டைப்படியும் மறுபாதியில் வழக்கப்படியும் போட்டுப் பார்த்தால் போதும் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் எங்கள் வட்டார நிலத்தில், தண்ணீர் நுழையும் வாய்மடைப் பக்கம் வண்டல் படியும், தண்ணீர் முந்தி ஏறும். கீழ்க்கோடியில் அது கிடையாது. வாய்மடைப் பாதி அதிகம் விளைந்தால் அது உரத்தின் புகழா மண்ணின் புகழா என்று யாராலும் சொல்ல முடியாது. இதே சிக்கலுக்குத்தான் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1919-இல் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் விடை கண்டார்: வயலை வளம் ஒத்த தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. நானும் இரண்டு மா நிலத்தை மடையிலிருந்து கடைசி வரை மூன்று சோடிப் பாத்திகளாக்கி, உரத்தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதபடி நடுவரப்பைக் கெட்டிப்படுத்தி, சீட்டுப் போட்டேன். எது எந்தப் பாத்தி என்பதை, இலை பார்த்துக் குறித்த சித்தப்பா மகனுக்குச் சொல்லவில்லை.

சீட்டுக் குலுக்கும் இந்த வழி வயலோடு நின்றுவிடவில்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளிகளை வீட்டிலேயே மருத்துவம் பெறுவோர், சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்வோர் என்று இப்படியே குலுக்கல் முறையில் பிரித்து, வீட்டு மருத்துவமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணம் தருகிறது என்று 1959-இல் வெளியிட்டது. விண்மீனை ஆராய்கிறவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் சீட்டுப் போட்டு விண்மீனை மாற்றிவைக்க முடியாது, வருவதைப் பார்த்துக் கணக்கிடத்தான் முடியும். நெல்லோடு வேலை செய்கிற நமக்கு அந்த வசதி வரப்பிலேயே இருக்கிறது.

"பயிர் கருகருன்னு நின்னாத்தான் தம்பி மனசு நிறையும்" என்று என் பெரியப்பா வரப்பில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மெச்சிய வழக்கப் பாத்திகளில்தான் இலைச்சுருட்டுப் புழு முதலில் ஏறியது. அட்டைப் பாத்திகளுக்கு ஒரு மேலுரம் குறைவாகவே தேவைப்பட்டது. அறுவடையில் மூன்று சோடிகளிலும் எடை ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. மூன்று சோடியும் ஒரு பருவமும் பெரிய சான்று அல்ல என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 1922 முதல் ஆடுதுறையில் நெல்லை ஆராயும் நிலையத்தார் ஒரு ரகத்தை வெளியிடுமுன் பல ஊர்களில் பல பருவங்கள் சோதித்துப் பார்ப்பதன் காரணம், என் சின்னப் பாத்திகளைப் பார்த்த பிறகு எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அட்டைக்குக் குறைகளும் உண்டு. துத்தநாகக் குறைவாலோ கந்தகக் குறைவாலோ இலை வெளுத்தாலும் அது தழைச்சத்துக் குறைவு என்றே காட்டும். மண் பரிசோதனைக்கு அது மாற்றாகாது. வெயில் படும்படி சட்டைப் பையில் நீட்டிவைத்த என் முதல் அட்டை நிறம் மங்கியும் போயிற்று. இரண்டாவதைத் துணிப்பைக்குள் வைத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் பட்டைகள் கையால் தேய்த்தால் சாயம் விடாத அட்டையாகப் பார்த்து வாங்கி, உங்கள் ரகத்துக்கான எண்ணை வேளாண் அலுவலரிடம் கேட்டுப் பின்புறம் அழியாத மையில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்குங்கள். வாரந்தோறும் பார்த்த பத்து எண்களை வரப்பிலேயே எழுதாமல் வீட்டுக்கு வந்து எழுதினால், நினைத்த எண்தான் நோட்டில் ஏறும். வரும் புரட்டாசியில் சோடிகளை ஐந்தாக்கி மறுபடி சீட்டுப் போடப்போகிறேன்.