1979 புல்லட்டும் நானும்: 11 வருடம், டான் ஹில் வரை

இங்கிலாந்தின் லீட்ஸில் குடியேறிய பிறகு 2014-இல் வாங்கிய வண்டி இது. என்ஃபீல்டு புல்லட் 350, திருவொற்றியூரில் செய்தது. இதே நாட்டின் ரெடிட்ச்சில் பிறந்த மாடல் 1955-இல் சென்னைக்குப் போனது, ரெடிட்ச் தொழிற்சாலை 1967-இல் மூடிய பிறகும் அங்கே தயாராகிக்கொண்டே இருந்தது, 1977 முதல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. என் வண்டி அந்த ஆரம்ப வருடங்களில் கப்பல் ஏறியது.

முதலில் சொல்லிவிடுகிறேன், மோட்டார்வேக்கு (இங்குள்ள அதிவேகச் சாலை) இது வேண்டவே வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகம் வரை சுகம், அதற்கு மேல் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போகும். வாங்கிய முதல் வருடம் வேலைக்கு எடுத்துப்போய் அலுத்து, விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பழைய வண்டிக்காரர்களோடு சேர்ந்த பிறகுதான் இதற்கு ஏற்ற சாலையும் வேகமும் கிடைத்தன.

ஜூனில் ஒரு ஞாயிறு ஸ்கிப்டனில் கூடி டான் ஹில் இன் போவோம். 1,732 அடி உயரத்தில் இருக்கிறது, பிரிட்டனிலேயே உயரமான பப். கெட்டில்வெல், பக்டன், ஹாஸ் வழியாக ஏறக்குறைய 50 மைல். பிஎஸ்ஏ பான்டம் மாதிரி சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டிகள் முன்னால் போகும், 650 சிசி டிரயம்ஃப்கள் பின்னால் பொறுமையாக வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைவருக்கு அடுத்து வருபவர் நின்று வழிகாட்டி, கடைசி வண்டி வந்ததும் சேர்ந்துகொள்வார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட வழி தவறியதில்லை.

ஸ்டார்ட் செய்வதில் ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, ஆம்ப்ஸ் மீட்டரின் (மின்னோட்டம் காட்டுவது) முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் நெம்புகோல்) பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளி, அதை விட்டு, கிக்கரையும் மேலே வர விட்டு, அப்புறம் முழு மிதி. அவசரப்பட்டால் காலைத் திருப்பி உதைக்கும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நம் ஊர் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது தானாக வரும்.

ஹாஸ் தாண்டி பட்டர்டப்ஸ் கணவாய். சாலையோரம் ஆழமான சுண்ணாம்புக்கல் குழிகள். சந்தைக்குப் போன விவசாயிகள் வெண்ணெய் உருகாமல் இருக்க அதில் இறக்கி வைப்பார்களாம், அதனால்தான் அந்தப் பெயர். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இழுத்துவிடும். இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது, அதனால் அதே இரண்டாவது கியரில்தான் இறங்குவேன். வேலி இல்லாத இடங்களில் கறுப்பு மூஞ்சி ஆடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும்.

செலவு பெரிதில்லை. லிட்டருக்கு 28 கிலோமீட்டர் வருகிறது. 2021 செப்டம்பரில் இங்கே சாதாரண பெட்ரோல் இ10 (10% வரை எத்தனால் கலந்தது) ஆனதிலிருந்து இ5 (5% வரை) மட்டுமே போடுகிறேன், எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது. வண்டிக்கு 40 வயது தாண்டியதால் சாலை வரி இல்லை, எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் வருடா வருடம் சோதனைக்கு எடுத்துப்போகிறேன். பிரேக்கை இன்னொருவர் கண்ணும் பார்க்கட்டும்.

இந்த முறை கெட்டில்வெல்லிலிருந்தே இன்ஜினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். பப்பில் கணப்புப் பக்கத்தில் டீயும் யார்க்‌ஷைர் புட்டிங்கும் சாப்பிட்டுவிட்டு (ஓட்டும் நாளில் பீர் கிடையாது) வெளியே வந்தபோது, இரண்டு மணி நேர மலைக்காற்றில் இன்ஜின் ஆறியிருந்தது. ரெடிட்ச் புல்லட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சத்தத்தை ஏற்கனவே கவனித்திருக்கிறார். ஒரே நட்டைக் கழற்றி டாப்பெட் மூடியை எடுத்து, புஷ்ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) என் விரலாலேயே சுழற்றிப் பார்க்கச் சொன்னார். சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒன்று ஆடியது. அவர் வண்டி மூடியையும் திறந்து காட்டினார், உள்ளே அதே அமைப்பு. இடைவெளியைச் சரிசெய்தோம், பத்து நிமிட வேலை, இரண்டு ஸ்பேனர். கீழே உள்ள கீல்டு கிராமம் நோக்கி இறங்கும்போது அந்தச் சத்தம் இல்லை, தப் தப் மட்டும்.