சிறுவர் ஜெபக் குறிப்பேடு: குடும்ப ஜெபத்தில் வைத்துப் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

உதகை கமர்ஷியல் சாலையில் வேதாகமங்களும் வாக்குத்தத்த அட்டைகளும் விற்கும் ஒரு சிறிய கடையில் வாங்கிய சிறுவர் ஜெபக் குறிப்பேடு, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து குன்னூரில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பயன்பட்டு வருகிறது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். பெற்றோர் பக்கத்தில் இருந்தால், எழுதத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும். சிறு பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆயினும் இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைச் சரிசெய்துகொள்ளாமல் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது என்றும் உறுதியாக நினைக்கிறேன்.

அமைப்பு எளிமையானது. ஒரு வாரத்துக்கு எதிரெதிராக இரண்டு பக்கங்கள். இடப் பக்கத்தில் ஒரு வசனமும், அந்த வாரத்தில் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியவற்றை எழுதச் சில வரிகளும் உள்ளன. வலப் பக்கத்தில் கேட்ட நாள், யாருக்காக, என்ன கேட்டோம், பதில் கிடைத்த நாள் என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை இருக்கிறது. இதில் ‘யாருக்காக’ என்ற பத்தியைச் சேர்த்தவர், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபித்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். பெரியவர்களாகிய நாம் முழங்காலில் நின்றால் சபையையும் ஊழியங்களையும் தேசத்தையும் ஆசீர்வதிக்கும்படி கேட்டு, வியாதியஸ்தர் அனைவரையும் ஒரே வாக்கியத்தில் கர்த்தருடைய கரத்தில் ஒப்படைத்துவிட்டு, ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோம். அத்தகைய ஜெபத்துக்குப் பதில் வந்ததா என்று பிறகு யாரும் பார்ப்பதும் இல்லை, பார்த்தாலும் சொல்ல முடிவதில்லை. இன்னாருக்காக என்று ஒரு பெயரை எழுத வேண்டியிருக்கும்போது, கேட்பவர் அந்த ஒருவரை நினைத்தே ஆக வேண்டும்.

எங்கள் மகன் முதல் வாரத்தில் எழுதியதை அப்படியே தருகிறேன்: “பக்கத்து வீட்டு அத்தை கொழுந்து பறித்துவிட்டு வரும்போது காட்டெருமை வரக் கூடாது.” குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் மேய்வது அன்றாடக் காட்சி. மாலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், நான்கு பாத்தி தள்ளி நிற்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த அத்தை அன்று பத்திரமாக வீடு திரும்பினார். பதில் கிடைத்த நாள் என்ற கட்டத்தில் மகன் தேதியை எழுதினான். மறுநாளும் திரும்பினார்; அதற்கும் ஒரு தேதி எழுதினான். வாரம் முடிவதற்குள் அந்தச் சிறிய கட்டம் நிரம்பி, தேதிகள் பக்கத்தின் ஓரத்து வெற்றிடத்துக்குப் போய், அடிவரை இறங்கிவிட்டன. ஒருவர் வேலைக்குப் போய்த் திரும்பி வருவதை ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாக எண்ணிச் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவரை நான் எந்த ஆராதனையிலும் பார்த்ததில்லை. பிள்ளை அதை எண்ணுகிறான். கேட்டதும் நடந்ததும் அவனுக்கு அருகருகே தெரிகின்றன. ஆகையால் நன்றி சொல்வது அவனுக்கு இயல்பாக வருகிறது. இந்த ஒரு பக்கத்துக்காகவே குறிப்பேட்டின் விலையான 90 ரூபாயைக் கொடுக்கலாம்.

மாதத் தொடக்கத்தில் ஒரு பக்கக் கதை வருகிறது. தேர்வு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. மழைக்காக ஜெபித்த எலியா தன் ஊழியக்காரனைக் கடலை நோக்கிப் பார்த்துவரும்படி அனுப்புவதும், ஏழாம் முறையில்தான் உள்ளங்கை அளவு சிறிய மேகம் எழும்புவதும், மேட்டுப்பாளையத்துச் சமவெளியிலிருந்து மேகம் மலையேறி வருவதை ஜன்னலில் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாத கதை. அதைவிடச் சிறந்தது, அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் வரும் ரோதை என்ற பெண்ணின் கதை. சிறையிலிருக்கும் பேதுருவுக்காகச் சபையார் ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். பேதுருவே வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். சத்தத்தை அறிந்துகொண்ட ரோதை சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் சொல்ல, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே ‘நீ பிதற்றுகிறாய்’ என்கிறார்கள். சிறுவர் நூல்களில் அதிகம் இடம்பெறாத இந்தப் பகுதியைத் தேடி எடுத்துச் சேர்த்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டில் இதை வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரிக்கவில்லை.

ஜார்ஜ் முல்லரைப் பற்றிய பக்கம் அரைகுறையாக இருக்கிறது. 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கான முதல் இல்லத்தைத் திறந்து, பணம் தாருங்கள் என்று எந்த மனிதரிடமும் கேட்காமல், ஜெபத்தை மட்டும் நம்பி 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆதரித்தவர் என்ற செய்தி அதில் இருக்கிறது. ஆனால், கேட்டவற்றையும் கிடைத்த பதில்களையும் அவர் வாழ்நாள் முழுவதும் கவனமாக எழுதிவைத்தார் என்பதைக் காணோம். இதுபோன்ற ஒரு குறிப்பேட்டில் விட்டுப்போகக் கூடாத செய்தி அது.

இனி அந்தப் பெரிய குறைக்கு வருகிறேன். குறிப்பேட்டுடன் தங்க நிற நட்சத்திரங்கள் கொண்ட ஒட்டுத்தாள் ஒன்று கொடுக்கிறார்கள். பதில் கிடைத்த ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். மாதக் கடைசியில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணி எழுதக் கட்டமும் உண்டு. ஐப்பசி மழையில் கல்லாற்றுக்கு மேலே மண் சரிந்து மலை ரயில் நின்றுபோயிருந்த வாரத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து பாட்டி ரயிலில் வர வேண்டும் என்று எங்கள் மகள் எழுதியிருந்தாள். பாட்டி பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். “பாட்டி வந்துட்டாங்க, ரயில் வரலை. பாதி நட்சத்திரம் ஒட்டட்டுமாப்பா?” என்று கேட்டாள். கத்தரிக்கோலால் வெட்டிப் பாதியை ஒட்டினோம். மீதிப் பாதி இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. அந்த அளவில் நட்சத்திரத்தால் தீங்கில்லை.

ஆனால் அதே மகள், தன் வகுப்புத் தோழியின் தாயாருக்காக வாரந்தோறும் எழுதி வந்தாள். அவர் பிழைக்கவில்லை. “இதை எங்கே எழுதணும்?” என்று அவள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது, அந்த அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. வெறுமையாக விடப்பட்ட கட்டம் ஒரு பிள்ளைக்கு என்ன சொல்லும் என்பதைத் தயாரித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். நான் சரியாகக் கேட்கவில்லையோ, என் விசுவாசம் போதவில்லையோ என்றுதான் அது சொல்லும். கடைசியில் உள்ள பெற்றோர் வழிகாட்டியும் அதற்குத் துணைபோகிறது. விசுவாசத்தோடு கேட்டால் கேட்டபடியே கிடைக்கும் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. பவுல் அப்போஸ்தலன் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்பதே அவர் பெற்ற பதில். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவராகிய இயேசுவும், பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டுவிட்டு, பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். இவ்விரண்டையும் விட்டுவிட்டு ஜெபத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பாதிப் பாடம்தான்.

வியப்பு என்னவென்றால், இதற்கு வேண்டிய கதை இதே குறிப்பேட்டிலேயே இருக்கிறது. 1867-இல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல், மூன்று வயதில் தன் பழுப்பு நிறக் கண்கள் நீலமாக வேண்டும் என்று இரவில் ஜெபித்துவிட்டு, விடிந்ததும் கண்ணாடியிடம் ஓடிப் பார்த்தார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. பின்னாளில் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளைக் காப்பாற்றச் சேலை கட்டி இந்தியப் பெண்ணைப்போல் போக வேண்டியிருந்தபோது, அந்தக் கண்களே அவருக்கு உதவின. 1951-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். இவ்வளவையும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘இல்லை’ என்ற பதிலைப் பெற்ற அந்தச் சிறுமியின் கதைக்கு எதிர்ப்பக்கத்திலேயே நட்சத்திரங்களை எண்ணச் சொல்கிறார்கள்.

நாங்கள் செய்த திருத்தம் சிறியது. ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டு, ‘என்ன நடந்தது’ என்று தலைப்பிட்டோம். தோழியின் தாயாருக்கான வரிசையில் மகள் அடக்க ஆராதனையின் தேதியை எழுதி, அடுத்த வரியில் தோழியின் பெயரை ‘யாருக்காக’ என்ற பத்தியில் சேர்த்தாள். அந்தப் பெயர் இப்போது ஒவ்வொரு வாரமும் வருகிறது. இன்னும் பதில் தெரியாதவற்றுக்கு ‘காத்திருக்கிறோம்’ என்று எழுதுகிறார்கள். பத்தி போட இடம் வேண்டும் என்பதற்காக ‘என்ன கேட்டோம்’ பத்தியைச் சற்றுக் குறுக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் ஆடி, ஆவணி மாதங்களின் ஈரத்தில் எந்த நோட்டும் நமத்துப்போகும், இதுவும் நமத்தது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறுகிறது, பென்சில் நன்றாகப் பதிகிறது. ஈரத்தில் நட்சத்திரங்களின் பசை விட்டுப்போய்த் தாமாகவே உதிர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. தையல் கட்டு உறுதியாக இருக்கிறது, அட்டை மட்டும் ஓரங்களில் சுருள்கிறது. அலமாரியில் மற்றப் புத்தகங்களுக்கு நடுவே நெருக்கி வைத்தால் சுருளாது.

வீட்டுக்கு ஒன்று போதாது. பிள்ளைக்கு ஒன்று வாங்குங்கள், ஏனெனில் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்கும் சண்டை எங்கள் வீட்டில் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளிக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் ஒட்டுத்தாளை எடுத்துவிட்டு, ஐந்தாம் பத்தியைப் போட்டுக் கொடுப்பது நல்லது. பதிப்பகத்தின் முகவரி பின்னட்டையில் இருக்கிறது. அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியை அச்சிலேயே சேர்க்கவும், பதில் நாளுக்கான கட்டத்தைப் பெரிதாக்கவும் கேட்டு நான் எழுதியிருக்கிறேன். வாங்குகிறவர்களும் எழுதினால் புத்தாண்டுக்கு வரும் பதிப்பிலேயே திருத்தம் வரக்கூடும்.