பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு: நெல்லையில் ஒரு டீசல் காரும் சில பட்டறைகளும்

என்னிடம் இருப்பது 2013-ஆம் ஆண்டு மாடல் மாருதி டிசையர் டீசல் கார். வீடு பாளையங்கோட்டையில். வேலை நிமித்தம் அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி என்று ஓய்வில்லாமல் ஓடும் வண்டி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. காரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதைப் பழுதுபார்க்கக் கொடுத்த இடங்களைப் பற்றித்தான் நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். பட்டறைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்ன நடந்தது என்பது தெரிந்தால் போதும்.

ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது, வள்ளியூர் தாண்டியதும் இழுவை விட்டுப்போனது. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் வண்டி எழவில்லை. பின்னால் கரும்புகை, முன்னால் விசில் சத்தம். கண்ணாடிக் கதவும் குளிர்சாதன அறையும் கொண்ட ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போய்விட்டது, புதிது போட 45,000 ரூபாய். டர்போவைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே என்றார்கள். அந்தத் திரையில் இருந்தது, இன்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தம் குறைவு என்ற ஒரு தகவல் மட்டும். ஏன் குறைவு என்பதை ஸ்கேனர் சொல்லாது. அதைக் கையும் கண்ணும்தான் தேட வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜங்ஷனில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் சொல்லித்தான், தூத்துக்குடி சாலைப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சி இன்ஜினை ஓடவிட்டு, பையனை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு, டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். கிளாம்புக்குக் கீழே ஓரிடத்தில் கை நின்றது. விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. டர்போவின் விசிறியை என்னையே சுற்றிப் பார்க்கச் சொன்னார். ஆட்டம் இல்லை, உரசலும் இல்லை. ஹோஸும் கூலியும் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. அதே டர்போதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று அவர் கேட்ட கூலியில் ஒரு பகுதி, பழுதைக் கண்டுபிடித்ததற்கு. ‘பார்த்ததற்கு 300, மாட்டியதற்கு 200’ என்று பிரித்தே சொன்னார். பலருக்கு இது பிடிப்பதில்லை, பார்த்ததற்கெல்லாம் காசா என்று சண்டை பிடிப்பார்கள். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அந்த இடத்தில்தான். நம் ஊரில் கூலிக்கு ஐம்பது ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். 6,000 ரூபாய் உதிரிபாகத்துக்கு வாய் திறக்காமல் பணத்தை எண்ணி வைக்கிறோம். அப்படியானால் பட்டறைக்காரருக்கு வருமானம் எங்கிருந்து வரும்? உதிரிபாகக் கடை கொடுக்கும் கமிஷனிலிருந்துதான் வரும். பாகத்தை மாற்றினால்தான் சோறு என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, ஏன் தேவையில்லாததை மாற்றினாய் என்று கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆராய்ந்து சொல்வதற்குத் தனியாகக் கூலி கேட்கிறவர் ‘இதை மாற்ற வேண்டாம்’ என்று சொன்னாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவருகிறேன்.

ஏழ்மையால் வரும் தவறு வேறு, துணிந்து செய்யும் களவு வேறு. இன்னொரு பட்டறையில் ஒரு பில் கொடுத்தார்கள். அதில் ‘டைமிங் பெல்ட் மாற்றியது’ என்று ஒரு வரி, அதற்கு 3,200 ரூபாய். என் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டே அதில் கிடையாது, அந்த வேலைக்கு உள்ளே ஓடுவது சங்கிலி. வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைச் சொல்கிறீர்களா என்றால், அதுவும் பழையதாகவே இருந்தது. கழற்றிய பெல்ட்டைக் காட்டுங்கள் என்றதும் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். பில்லின் நகலோடு பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டேன். பேச்சு உடனே மாறியது, பணமும் திரும்பி வந்தது.

இதே இன்ஜினை வைத்து இன்னொரு பொய்யும் நடமாடுகிறது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டதால் உதிரிபாகம் கிடைப்பதில்லை, அதனால்தான் இந்த விலை என்பார்கள். நம்பாதீர்கள். ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா மட்டுமல்லாமல் ஃபியட் புன்டோ, டாடா இண்டிகா விஸ்டா என்று எத்தனையோ வண்டிகளில் ஓடிய இன்ஜின் இது. பாகங்கள் தாராளமாகவே கிடைக்கின்றன.

பட்டறை அண்ணாச்சியின் வேலைமுறைக்கு இன்னொரு உதாரணம். வேகம் கூடும்போது முன்பக்கம் ஒரு ரீங்காரம் கேட்டது. வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் பாகம்) கெட்டுவிட்டது என்று இரண்டு இடங்களில் சொல்லியிருந்தார்கள். இவர் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு, கே.டி.சி. நகர் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். சத்தம் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. பேரிங்கில் கோளாறு என்றால் சத்தம் முன்னாலேயே இருந்திருக்கும். டயர் ஏறுமாறாகத் தேய்ந்ததுதான் காரணம். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்ததோடு சரி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நெல்லையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிந்துபூந்துறையில் என் மைத்துனரின் பெட்ரோல் கார் பானெட் வரை நீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அண்ணாச்சிக்குப் போன் செய்தோம். “சாவியைத் தொட வேண்டாம் அண்ணாச்சி. பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், நான் வருகிறேன்” என்றார். காற்றைப்போலத் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முழுமையான (காம்ப்ரிஹென்சிவ்) காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் நீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு, இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

அந்த வாரம் ஊரில் சில பட்டறைகள் நடந்துகொண்ட விதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் அரிசி நனைந்து, மெத்தை நனைந்து நிற்கிறவர்களிடம், வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘இன்ஜினை இறக்க வேண்டும்’ என்று முன்பணம் வாங்கினார்கள். அண்ணாச்சியோ ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். இன்ஜினைக் கையால் சுற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றினார். ஆயிலை வடித்தபோது பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. விலை குறைந்த ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு, பிறகுதான் நல்ல ஆயில் ஊற்றினார். ஏர் ஃபில்டர் புதிது. சீட்டுகளையும் தரை விரிப்பையும் கழற்றி வெயிலில் காயப்போட்டது நாங்கள். இன்ஜினை இறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இப்படி ஒருவரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு இடங்கள். ஒன்று வாடகைக் கார் ஸ்டாண்ட். சொந்தக் காசில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏமாற்றுகிற பட்டறைக்கு இரண்டாம் முறை போக மாட்டார்கள். மற்றொன்று உதிரிபாகக் கடையின் கவுன்டர். யார் நல்ல மெக்கானிக் என்று கேட்காதீர்கள், கடைக்கு அதிகம் வாங்குகிறவரின் பெயர்தான் வரும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மை முழுதாக வாங்காமல், அதிலுள்ள புஷ் என்ற சிறிய ரப்பர் பாகத்தை மட்டும் கேட்டு வருகிறவர் யார் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில், ஸ்டாண்டில் சொன்ன அதே அண்ணாச்சி.

குறைகளும் உண்டு. குற்றாலச் சீசனிலும் சபரிமலைக்குப் போகும் கார்த்திகை, மார்கழியிலும் வாடகை வண்டிகள் வரிசையில் நிற்கும், நம் வண்டிக்கு இடம் கிடைக்காது. சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தது குறைவு. ஏர்பேக், சென்சார் கோளாறுகளில் அவர் கை வைப்பதில்லை. வாரன்டி காலத்தில் இருக்கும் புதிய வண்டியை அங்கே கொண்டுபோக நானே சொல்ல மாட்டேன். உட்கார ஒரு பெஞ்சு கிடக்கிறது, அவ்வளவுதான்.

எந்தப் பட்டறையானாலும் நான் விடாமல் செய்கிறவை: வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவது, கழற்றிய பாகங்களை டிக்கியில் போடச் சொல்வது, புதிய பாகத்தின் பெட்டியில் அச்சிட்ட விலையைப் பில்லோடு ஒப்பிடுவது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தில் பில் போட்டால் ஏற்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை.

என் வண்டிக்கு அடுத்த செலவு கிளட்ச். பெடல் சற்று மேலே வந்து பிடிக்கிறது. இப்போதே மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, ஏற்றத்தில் வழுக்கத் தொடங்கும் வரை ஓட்டுங்கள் என்றார். சீசன் முடிந்து ஆவணியில் ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார். பார்த்ததற்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.