பழைய டொயோட்டா எட்டியோஸ்: வண்டி நல்லது, வரலாற்றைப் பார்த்து வாங்குங்கள்

செகண்ட்ஸில் குடும்பத்துக்கு ஒரு செடான் தேடினால், பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர் காட்டும் முதல் நான்கைந்து வண்டிகளில் ஒன்று எட்டியோஸாக இருக்கும். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் தயாரான இது 2010 டிசம்பரில் அறிமுகமாகி, பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-ல் நின்றுபோனது. ரோட்டில் இன்னும் ஏராளமாக ஓடுவதால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. எஞ்சினும் லேசில் சாகாது. அதனால்தான் டாக்ஸிக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். வாங்குகிறவருக்குத் தலைவலியும் அங்கேதான். நல்ல எட்டியோஸும் நாலு லட்சம் கிலோமீட்டர் வாடகைக்கு ஓடிய எட்டியோஸும் பாலிஷ் போட்டு நிறுத்தினால் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் வண்டியைப் பற்றி. பின்சீட்டில் நடுவில் உட்காருபவரின் காலுக்குக் கீழே மேடு கிடையாது, தரை சமமாக இருக்கும்; மூன்று பெரியவர்கள் நெருக்காமல் உட்காரலாம். டிக்கி 595 லிட்டர், இரண்டு பெரிய சூட்கேஸும் அரிசி மூட்டையும் ஒன்றாகப் போகும். குறைகளையும் சொல்லிவிடுகிறோம். மீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது, சிலருக்குக் கடைசிவரை பழகுவதில்லை. முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர்தான். கதவு லேசு, சாத்தும்போது தகர டப்பா சத்தம் கேட்கும். ஹைவேயில் டயர் சத்தம் உள்ளே வரும். உள்ளலங்காரத்தில் ஆசை உள்ளவர்கள் இந்த வண்டி பக்கமே வர வேண்டாம்.

பாதுகாப்பில் வேரியன்ட்டைப் பார்க்க வேண்டும். ஏர்பேக் உள்ள எட்டியோஸ் 2016-ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. ஆனால் ஆரம்ப வருடங்களின் அடிமட்ட வேரியன்ட்களில் ஏர்பேக்கே கிடையாது. ஸ்டீரிங்கில் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். சாவியை ஆன் செய்யும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மோதலில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கைக் கழற்றிவிட்டிருக்கலாம். என்ஜின் செக் விளக்கும் சாவியை ஆன் செய்யும்போது எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும்.

பெட்ரோலா, டீசலா? பெட்ரோல் 1.5 லிட்டர், சக்தி 90 பிஎஸ், இழுவிசை 132 என்எம். டீசல் 1.4 லிட்டர், 68 பிஎஸ், 170 என்எம். இரண்டிலும் டைமிங் செயின்தான், பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கலந்து ஓட்டினால் பெட்ரோல் சுமார் 14, டீசல் சுமார் 19 கிலோமீட்டர் கொடுக்கும். பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 7.20-க்கும் 4.90-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 2.30 ரூபாய். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு வருடம் 14,000 ரூபாய்கூட மிச்சமாகாது. பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை கை வைத்தால் இரண்டு மூன்று வருட மிச்சம் காலி. மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடும் வீட்டுக்கு பெட்ரோல்தான். டாக்ஸிக்குப் போனவற்றில் டீசலே அதிகம் என்பதால், பெட்ரோலைத் தேடினாலே பாதி வடிகட்டல் முடிந்துவிடும்.

மீதிப் பாதியை எப்படி வடிகட்டுவது? டி போர்டிலிருந்து (வாடகை வண்டியின் மஞ்சள் போர்டு) ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகம்) மாற்றுவது சட்டப்படி சரியான விஷயம்தான். மறைத்து விற்பதுதான் தவறு. மாற்றிய பிறகு ஆர்சியில் சாதாரண 'மோட்டார் கார்' என்றுதான் இருக்கும், அதை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். லைஃப் டாக்ஸ் கட்டிய தேதியைக் கேளுங்கள். சொந்த உபயோக வண்டிக்கு அது பதிவின்போதே கட்டப்பட்டிருக்கும். பதிவாகி நாலைந்து வருடம் கழித்து டாக்ஸ் கட்டிய ரசீது இருந்தால், வண்டி மஞ்சள் போர்டில் இருந்திருக்கும் அல்லது வெளிமாநிலத்திலிருந்து வந்திருக்கும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். வாடகை வண்டி என்றால் பாலிசியின் வகையே வேறாக இருக்கும்.

வண்டியிலும் தடயம் மிஞ்சும். வாடகை வண்டிக்கு வாங்கும் தகுதிச் சான்றான எஃப்சிக்காக பம்பரில் ஒட்டிய ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை உரித்த இடத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் பட்டையாகப் பசைக் கோடு தெரியும். கேரியர் கட்டியிருந்தால் கதவுக்கு மேலே, கூரை ஓரத்தில் கிளாம்ப் அழுத்திய பள்ளமும் பெயின்ட் தேய்மானமும் இருக்கும். ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் போதும். வாடகை வண்டியில் இருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றியிருந்தால் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு மேலே போகும் வயரில் வெட்டி ஒட்டிய கறுப்பு டேப் இருக்கும், டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். எல்லாவற்றையும்விட பின்சீட்தான் உண்மை பேசும். குடும்ப வண்டியில் டிரைவர் சீட் தேய்ந்து, பின்சீட் புதிதாக இருக்கும். பின்பக்க இடது கதவின் கைப்பிடியும் பின்சீட் பஞ்சும் டிரைவர் பக்கத்துக்கு இணையாகத் தளர்ந்திருந்தால் சவாரி ஏற்றிய வண்டி. புது சீட் கவர் போட்டிருந்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

மீட்டர் 70,000 காட்டுகிறதா? டிஜிட்டல் மீட்டரை லேப்டாப்பில் குறைப்பது சிறு வேலை. பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரின் கோடுகள் அழிந்திருக்கின்றனவா, கியர் நாப் வழவழவென்று ஆகிவிட்டதா என்று பாருங்கள். பெடல் ரப்பர் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான். ஓனரை அழைத்துக்கொண்டு டொயோட்டா சர்வீஸ் சென்டருக்குப் போய், பதிவு எண்ணைச் சொல்லி, கடைசி சர்வீஸில் என்ன கிலோமீட்டர் பதிவானது என்று கேளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஓனரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மோதல் வேலையைக் கண்டுபிடிக்க பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஸ்பானர் பட்டிருந்தால் பெயின்ட் உடைந்திருக்கும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புக் குறி உண்டு, ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஃபெண்டர் மாற்றியது பெரிய விஷயமில்லை. ஊருக்குள் ஓடிய எந்த வண்டியிலும் அது நடக்கும். ஸ்ட்ரட் (முன்பக்க ஷாக் அப்சார்பர்) உட்காரும் இடத்தில் வெல்டிங்கோ, ஸ்டெப்னிக்குக் கீழே டிக்கித் தரையில் மடிப்போ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மறக்கக்கூடாது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால் தண்ணீர் இருக்கை வரை ஏறிய வண்டி. முன்சீட் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் வாடை, கனெக்டர்களில் பச்சைப் பூப்பு, இவையும் அதே கதையைத்தான் சொல்லும். அப்படிப்பட்ட வண்டியில் கரன்ட் கோளாறு மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

எஞ்சினை ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலையில் போங்கள், "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு விநாடிக்கு மேல் செயின் கடகடத்தால் செயின் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். டீசலில் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான காற்று வரும். குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரெஷன், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. மிதித்தால் கரும்புகை என்றால் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு) அடைப்பு, ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. டீசல் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், மாற்றிய சில நாளிலேயே அது கறுத்துவிடும். கூலன்ட் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். துருநிறத்தில் இருந்தால் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் அடைத்து, ஹீட் ஆகி, ஹெட் கேஸ்கெட் போகும் வழி அது. பெட்ரோல் வண்டியில் டிக்கித் தரையில் வரிசையாகத் துளைகள் இருந்தால் எல்பிஜி அல்லது சிஎன்ஜி சிலிண்டர் இருந்த இடம். ஆர்சியில் எரிபொருள் என்ன என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துவிடுங்கள். மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டில் முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாக ஓட்டினால் கேட்கும் 'கடக் கடக்' பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ், செலவு குறைவு. ஸ்டீரிங்கைச் சிறிதாக இடம் வலம் ஆட்டும்போது கையில் தட்டினால் ஸ்டீரிங் ரேக், அது செலவு அதிகம். 60-ல் பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது.

ஏசியைக் காலை நேரத்தில் சோதிப்பதில் பயனில்லை. வெயிலில் நிறுத்தி, ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிட்டு, குளிர்ச்சி குறைகிறதா பாருங்கள். "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்று யாராவது சொன்னால் கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள். கண்டென்சர் கசிந்தால் முன்னாலிருந்தே மாற்றிவிடலாம். கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். பாகத்தின் விலையோடு கூலியும் ஏறும், கழற்றி மாட்டிய டேஷ்போர்டு பழையபடி சத்தமில்லாமல் உட்காருவதும் அபூர்வம்.

காகித விஷயத்தில் முக்கியமானது வயது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம்தான், ஆக 2011-ல் பதிவான எட்டியோஸுக்கு 2026-ல் முடிகிறது. படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அதன் கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. இந்த வேலையை ஓனர் முடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் செலவையும் அலைச்சலையும் விலையில் கழிக்க வேண்டும். கர்நாடகா, டெல்லி வண்டி மலிவு என்று ஓடாதீர்கள். படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே லைஃப் டாக்ஸ், புது எண் எல்லாம் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். லோன் இருந்த வண்டிக்கு வங்கியின் கடிதமும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம்.

எங்கள் தேர்வு: 2014-க்குப் பிறகு பதிவான பெட்ரோல், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வேரியன்ட், ஒரே ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு உள்ளது. பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்குத்தான் வண்டி பாருங்கள். முதல் மாதமே எல்லா ஆயிலும் ஃபில்டரும், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், பேட்டரி, தேவைப்பட்டால் டயர் என்று அந்தப் பணம் போய்விடும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். '1718' என்றால் 2018-ன் 17-வது வாரம். பட்டன் (டயரின் மேடு) எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயது டயரில் குடும்பத்தை ஏற்றி ஹைவே போகக்கூடாது. பேரத்தில் ஒரு செட் டயரின் விலையைக் குறைக்கச் சொல்ல இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

பணம் கொடுக்கும் அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, ஆர்டிஓ வேலையைத் தொடங்குங்கள். பாக்கி இ-சலான் இருக்கிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, வண்டியோடு வராது; அதனால் பிரீமியத்தில் வித்தியாசத் தொகை கேட்பார்கள். பழைய ஃபாஸ்டேகை ஓனரே மூட வேண்டும், அவர் மூடும்வரை அந்த வண்டி எண்ணில் உங்களுக்குப் புது டேக் கிடைப்பது சிரமம்.