பழைய ஆக்சஸ் டேட்டாபேஸ் என் கைக்கு வந்த பிறகு: சில வருட அனுபவம்

கோவையில் பம்ப்செட் விற்பனையும் சர்வீஸும் செய்கிற நிறுவனம் எங்களுடையது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் விவசாயிகள். யாருக்கு எந்த மோட்டார், எத்தனை ஹெச்.பி., எந்தத் தேதியில் விற்றது, எப்போது காயில் கட்டினோம் என்ற விவரமெல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில், அதன் 2000 பதிப்புக் காலத்து எம்.டி.பி. ஃபைல் ஒன்றில்தான் இருந்தது. உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எதை ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்த ஃபைலைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பொறுப்பேற்றபோது கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசா பண்ணுங்க" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. கவுன்ட்டரில் இருப்பவர் மவுஸைத் தொடாமலே, எதிரே நிற்பவரிடம் பேசிக்கொண்டே, முழு பில்லையும் அடித்து முடித்துவிடுவார். விவரம் அடிக்கும் அந்தத் திரைகள், அதாவது ஃபார்ம்கள், அவ்வளவு பக்குவமாக அமைந்திருந்தன. பிரச்சினை, டேட்டா இருந்த இடத்தில்தான். எம்.டி.பி. ஃபைல் 2 ஜி.பி.க்கு மேல் வளராது. சர்வர் என்று எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கும் அதே ஃபைலை நேராகத் திறந்து எழுதும். எழுதும் நேரத்தில் யாருடைய வைஃபையாவது அறுந்தால் ஃபைல் கெட்டுப்போகும் அபாயம் உண்டு. சரிசெய்ய வேண்டுமென்றால் எல்லோரும் வெளியே வர வேண்டும்.

அதனால் ஃபார்ம்களை அப்படியே விட்டுவிட்டு, டேபிள்களை மட்டும் மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் டேட்டாபேஸான எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றினேன். அது இலவசம், நான் போட்ட பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி. வரை போகலாம், எங்கள் அளவுக்குத் தாராளம். மாற்றுவதற்கு மைக்ரோசாஃப்ட்டே ஒரு இலவசக் கருவி தருகிறது. ஆனால் மாற்றிய பிறகு இரண்டு இடத்தில் இடறும். ஆம்-இல்லை ஃபீல்டு எந்த மதிப்பும் இல்லாமல் காலியாக (null) இருந்தால், அந்த வரியைத் திருத்தும்போது 'வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று ஆக்சஸ் மறுக்கும். அந்த ஃபீல்டுகளுக்கு முன்னிருப்பாகப் பூஜ்யம் வைத்து, பழைய காலி இடங்களையும் நிரப்பி, வரி மாறும் ஒவ்வொரு முறையும் தானாக மாறும் ரோவெர்ஷன் என்ற ஃபீல்டு ஒன்றை டேபிளில் சேர்த்தால் தீர்ந்துவிடும். இன்னொன்று, 'ஆம்' என்பதை ஆக்சஸ் மைனஸ் 1 என்று வைத்துக்கொள்ளும், சர்வர் 1 என்று வைத்துக்கொள்ளும். மைனஸ் 1 என்று நேரடியாக எழுதிய க்வெரியை, அதாவது தேடல் கட்டளையை, சர்வருக்குக் கொண்டுபோனால் ஒரு வரியும் கிடைக்காது. பூஜ்யம் அல்லாதது என்று எழுதுங்கள், இரண்டு பக்கமும் ஓடும்.

இதெல்லாம் தொழில்நுட்பம், தேடினால் விடை கிடைக்கும். உண்மையான உழைப்பு பெயர்களில்தான் போனது. தமிழ்ப் பெயர்களை எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். பாமினியில் தமிழ் தெரிவது திரையில் மட்டும்தான், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பழனிசாமி என்ற பெயர் உள்ளே ஜி, ஓ, டி, பி, ஆர், ஹெச், கே, பி என்று கிடக்கும். இன்று எல்லோரும் தமிழ் அடிக்கும் யூனிகோடில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எழுத்துக்கு எழுத்து மாற்றினாலும் போதாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். 'கோ' என்ற ஓர் எழுத்து அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. அதைவிடச் சிக்கல், அதே ஃபீல்டில் சிலர் நிஜமாகவே ஆங்கிலத்தில் பெயர் அடித்திருந்தார்கள். மொத்தமாக மாற்றினால் அவை உருத்தெரியாமல் போகும். அதனால் இப்படிப் பிரித்தேன்: நடுவில் அரைப்புள்ளி (;) வந்தால் பாமினி, ஏனென்றால் மெய்யின் புள்ளிக்கு அதுதான் சாவி. முழுக்கப் பெரிய எழுத்தாக இருந்தால் ஆங்கிலம். பழனிசாமி போல இரண்டிலும் சேராதவற்றுக்கு, இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு சின்ன ஃபார்ம் செய்து கவுன்ட்டரில் கொடுத்தேன். ஆட்களை நேரில் அறிந்தவர்கள் என்பதால் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். பழைய ஃபீல்டை அழிக்கவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது.

பழைய டேட்டாவில் தப்பு என்று தோன்றுவதெல்லாம் தப்பு இல்லை. உடுமலை, பல்லடம், அவிநாசிக்காரர்கள் சிலருக்கு மாவட்டம் கோவை என்றும் சிலருக்குத் திருப்பூர் என்றும் இருந்தது. 2009-இல்தான் திருப்பூர் தனி மாவட்டமானது, அதற்கு முன் பதிந்தவர்கள் கோவையில்தானே இருப்பார்கள். 'குறிப்பு2' என்ற ஃபீல்டில் சில பேருக்கு மட்டும் ஒரு நட்சத்திரக் குறியும் ஒரு தேதியும் இருந்தன. குப்பை போலத்தான் தெரிந்தது. எங்கள் பழைய மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"அதெல்லாம் கரண்ட் வராத காடுங்க தம்பி. மோட்டார வாங்கி வெச்சுட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க. கனெக்ஷன் வந்து ஓட்டுன நாள்ல இருந்துதானுங்க நாம வாரண்டி குடுத்தோம்."

விவசாய மின் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிற ஊர் இது. பில் தேதியை வைத்து வாரண்டி போட்டிருந்தால், ஒரு நாள்கூட ஓடாத மோட்டாருக்கு வாரண்டி முடிந்துபோயிருக்கும். அந்த ஒரு குறியில் ஒரு கடை தன் விவசாயிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. இப்போது அதற்கு 'முதல் ஓட்டம்' என்று தனி ஃபீல்டே வைத்திருக்கிறேன். பழைய டேபிளை மாற்றும் முன் அதில் தினமும் வேலை செய்தவர்களோடு டீ குடித்துப் பேசுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பேக்கப் பற்றிச் சுருக்கமாக: எக்ஸ்பிரஸில் நேரம் குறித்து வேலை ஓட்டும் ஏஜென்ட் வசதி இல்லை. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டு இரவில் ஓட்டுகிறேன். அந்தப் பேக்கப்பை அவ்வப்போது வேறு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தும் பார்த்துவிடுகிறேன். அப்புறம், ஆஃபீஸை 64 பிட்டுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், ஆக்சஸுக்குள் நிரல் எழுதும் மொழியான வி.பி.ஏ.வில் விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைக்கும் டிக்ளேர் வரிகளில் பி.டி.ஆர்.சேஃப் (PtrSafe) என்ற சொல்லைச் சேர்க்காமல் எதுவும் ஓடாது.

வேகம் நன்றாக இருக்கிறது, ஃபைல் கெடும் பயம் போய்விட்டது. ஊர்ப் பெயர்கள்தான் பாக்கி. உடுமலை, உடுமலைப்பேட்டை என்று ஒரே ஊர் பல விதமாகக் கிடக்கிறது. கிராமப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து, லைனுக்குப் போகிற மெக்கானிக்குகளிடம் தாலுகா வாரியாகக் கொடுத்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் முடிந்துவிட்டது.