"சில்வர்டிப் பேட்ஜர்" ஷேவிங் பிரஷ் 1,299 ரூபாய்: வந்தது சாயம் போட்ட பன்றி முடி

விளம்பரத்தில் இருந்தது இது: "100% ஒரிஜினல் சில்வர்டிப் பேட்ஜர், 22 மி.மீ., கையால் கட்டியது". பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு; சில்வர்டிப் அதன் முடியில் உயர்ந்த தரம். விலை 1,299 ரூபாய். பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் கடை போட்டிருக்கும் ஒரு விற்பனையாளர். பார்சலில் வந்தது பன்றி முடி. நடுவில் கறுப்புச் சாயம் ஏற்றி, பேட்ஜர் மாதிரி பட்டை போட்டிருந்தார்கள். நுனியும் கத்தரியால் வெட்டியது. புகார் கொடுத்ததும் வந்த பதில்: "ஷேவிங் பொருள், தண்ணீர் பட்டுவிட்டது, ஹைஜீன் காரணமாகத் திரும்ப எடுக்க இயலாது." அதன் பிறகு, ஐந்து ஸ்டார் போட்டால் 300 ரூபாய் தருவதாகத் தனியாக ஒரு மெசேஜ்.

இந்த வியாபாரம் ஓடுவதே அந்தத் தண்ணீரை நம்பித்தான். பிரஷ் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது அதை நனைப்பது. நனைந்துவிட்டால் "பயன்படுத்திய பொருள்" ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு விதி: திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன், பிரஷ்ஷை நனைக்காமலே சோதித்துவிட வேண்டும். நாலைந்து முடியைப் பிடுங்கினால் போதும், எல்லாச் சோதனையையும் அந்த முடியிலேயே முடித்துவிடலாம். பிரஷ் வந்தபடியே பெட்டியில் கிடக்கட்டும்.

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முடி பிடுங்குவது வரை ஒரே வீடியோவாக, வெட்டாமல் எடுங்கள். வெளி வரிசையில் இருந்து ட்வீசரால் ஒவ்வொரு முடியாக, அடியோடு சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தால் முடி அறுந்துவிடும், அடிப்பகுதி கிடைக்காது. பிடுங்கியதை வெள்ளைத் தாளில் வைத்து, செல்போன் கேமராவை முழு ஜூமில் கொண்டு போய்ப் பாருங்கள்.

பேட்ஜர் முடியின் அடி வெளிறியிருக்கும், நடுவில் கருமை, நுனி வெள்ளை அல்லது மங்கலான வெண்மை. நடுப்பகுதிதான் தடிமன். அங்கிருந்து இரண்டு பக்கமும் மெலிந்துகொண்டே போய், நுனி ஒரே கூராக முடியும். பன்றி முடி அப்படியில்லை. அடியில் தடித்து மேலே போகப் போக மெலியும், நுனி இரண்டாக மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுதான் பன்றி முடி பிரஷ்ஷின் உயிர். பழகப் பழகப் பிளவு கூடி மென்மையாகும். நமக்கு வந்ததில் அந்தப் பிளவையும் வெட்டி எறிந்திருந்தார்கள், கொத்தின் வடிவம் அழகாகத் தெரிவதற்காக. மழுங்கிய நுனி கன்னத்தில் குத்தத்தான் செய்யும். குதிரை முடி பிடரியிலும் வாலிலும் எடுப்பது. நீள முடியைத் துண்டாக வெட்டிக் கட்டுவதால் அடி முதல் நுனி வரை தடிமன் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

பட்டையையும் கவனியுங்கள். அசல் பேட்ஜரில் ஒவ்வொரு முடியிலும் கருமை தொடங்கும் இடம் சற்று மாறும், அதனால் கொத்தாகப் பார்க்கும்போது பட்டையின் ஓரம் கலங்கலாக இருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி எல்லா முடியிலும் ஒரே உயரத்தில் கறுப்பு தொடங்கினால், அது சாயத்தொட்டியில் முக்கியது. பிடுங்கியதில் இரண்டு முடியை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சூடான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அரைமணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் பழுப்பேறினால் சந்தேகமே வேண்டாம். ஏறாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, கெட்டிச் சாயம் இறங்காது.

கடைசியாக நெருப்பு. ஒரு முடியை ட்வீசரில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். விலங்கு முடி பொசுங்கிச் சுருண்டு, தலைமுடி கருகும் அதே நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். செயற்கை இழை தீயைக் கண்டதும் பின்வாங்கிச் சுருங்கி உருகும், பிளாஸ்டிக் வாடை அடிக்கும், ஆறியபின் நுனியில் கடினமான ஒரு குண்டுமணி நிற்கும். அது நசுங்காது. ஆனால் நெருப்பு சொல்வது விலங்கா பிளாஸ்டிக்கா என்பதை மட்டும்தான். பேட்ஜரா பன்றியா என்பதை நுனிதான் சொல்லும். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: "எரித்துப் பார்த்தோம், முடி நாற்றம் வந்தது, ஒரிஜினல்தான்" என்று ரிவ்யூவே எழுதிவிடுகிறார்கள். பன்றி முடிக்கும் அதே நாற்றம்தான்.

"பியூர்", "பெஸ்ட்", "சூப்பர்", "சில்வர்டிப்" என்ற தரப் பெயர்களை நிர்வகிக்கும் பொதுவான தரநிர்ணயம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் "பெஸ்ட்" இன்னொன்றின் "பியூர்" ஆக இருக்கலாம். பொதுவாக "பியூர்" என்றால் கருத்த, சற்று முரட்டு முடி. "சில்வர்டிப்" என்றால் நுனி வெண்மையாகவும் மென்மையாகவும் உள்ள, விலை உயர்ந்த முடி. நுனியை ப்ளீச் செய்து வெள்ளையாக்கி அந்தப் பெயரில் தள்ளுவதும் உண்டு. பேட்ஜர் முடியில் பெரும்பகுதி சீனாவில் இருந்து வருகிறது. அங்கே விலங்குகள் நடத்தப்படும் விதம் பற்றி 2018-ல் பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பு காட்சிகளை வெளியிட்டதும் சில நிறுவனங்கள் பேட்ஜரைக் கைவிட்டன. எப்படிப் பார்த்தாலும் மலிவாகக் கிடைக்கிற சரக்கு இல்லை. நல்ல சில்வர்டிப் 1,299-க்கு வராது. விலையைப் பார்த்ததுமே மூட வேண்டிய பக்கம் அது.

பேட்ஜர் போலியின் சரித்திரமும் நீளம். முதல் உலகப் போரில் ஜெர்மனி வழியாக வந்துகொண்டிருந்த, சுத்திகரித்த பேட்ஜர் முடி நின்றுபோனது. குதிரை முடியை பேட்ஜர் போலத் தோன்றச் செய்து, கிருமி நீக்காமலே பிரஷ்ஷாக விற்றார்கள். அதில் ஒட்டியிருந்த ஆந்த்ராக்ஸ் கிருமி, ஷேவிங்கில் பட்ட கீறல் வழியாக உடம்பில் ஏறி, அமெரிக்க, பிரிட்டிஷ் படைவீரர்களும் பொதுமக்களுமாக 200-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். பழம்பொருள் கடையில் அந்தக் காலத்து பிரஷ் கிடைத்தால் அலமாரியில் வைத்து ரசிக்கலாம், முகத்தில் வைக்க வேண்டாம்.

இன்னொரு ஏமாற்று, சட்டப்படி பொய்யில்லாத ஏமாற்று: "நேச்சுரல் பிரிசில்" (இயற்கை முடி) என்று மட்டும் போட்டு விலங்கின் பெயரை விழுங்கிவிடுவது. அப்படி எழுதியிருந்தால் பெரும்பாலும் பன்றிதான். மத நம்பிக்கையாலோ சைவப் பழக்கத்தாலோ பன்றி முடியைத் தொடாதவர்கள் இதில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். தளத்தின் கேள்வி பகுதியிலேயே "எந்த விலங்கின் முடி?" என்று எழுத்தில் கேளுங்கள். "உயர்தரமானது சார்" என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம். மறுபுறம், "சில்வர்டிப் ஃபைபர்" என்றால் செயற்கை இழை. ஜெர்மனியின் மியூலே நிறுவனம் தன் செயற்கை பிரஷ்ஷை அந்தப் பெயரில்தான் நேர்மையாக விற்கிறது. "ஃபைபர்" என்ற சொல்லைத் தலைப்பில் இருந்து உருவிவிட்டு விற்பவர்கள்தான் பிரச்சினை.

சரி, எதை வாங்குவது? தினமும் காலையில் அவசரமாக ஷேவ் செய்பவருக்கு இன்றைய செயற்கை பிரஷ் போதும், போதும் என்பதற்கு மேலேயே. "செயற்கை" என்றதும் பலர் நினைப்பது பழைய நைலானை. அதன் நுனி தட்டையாக வெட்டியது, அதனால் குத்தும். இப்போது வரும் நல்ல இழைகள் பாலியெஸ்டர் வகை, நுனி மெலிந்து கூராக இருக்கும். கடையில் வாங்கினால் காய்ந்த பிரஷ்ஷைக் கன்னத்தில் செங்குத்தாக அழுத்திப் பாருங்கள். ஊசி மாதிரி உறுத்தினால் நனைந்த பிறகும் உறுத்தும். கொத்தின் விட்டம் 22 முதல் 24 மி.மீ., கைப்பிடிக்கு மேல் முடியின் உயரம் 50 முதல் 55 மி.மீ. இருந்தால் முகத்துக்கும் கிண்ணத்துக்கும் ஒத்துவரும். இதைவிட உயரம் கூடினால் தொளதொளக்கும், குறைந்தால் விறைக்கும்.

செயற்கை இழை தண்ணீரை உறிஞ்சாது, இடையில் தேக்கி வைக்கும், அவ்வளவுதான். ஊறவைக்க வேண்டியதில்லை. நனைத்து இரண்டு உதறு உதறி, ஒரு செ.மீ. அளவு கிரீம் போட்டு, ஒவ்வொரு முறையும் சில சொட்டுத் தண்ணீராகச் சேர்த்துக்கொண்டே சுழற்ற வேண்டும். ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் நுரை சட்டையில்தான் இருக்கும், ஏனென்றால் இழைக்கு ஸ்பிரிங் அதிகம். நன்மை காய்வதில் இருக்கிறது. ஈரம் கூடிய கடற்கரை ஊர்களில், காற்றோட்டமில்லாத குளியலறையில், பேட்ஜரும் பன்றியும் மறுநாள் காலையிலும் அடியில் ஈரமாகவே இருக்கும், நாளடைவில் பூஞ்சை வாடை பிடிக்கும். செயற்கை அதற்குள் காய்ந்திருக்கும்.

பன்றி முடியை மட்டமாக நினைக்க வேண்டாம். பெயரை மறைக்காமல் விற்கும் பன்றி முடி பிரஷ் நல்ல பொருள். இத்தாலியின் ஒமேகா, போர்ச்சுகலின் செமோக் போன்ற பழைய நிறுவனங்கள் அதில்தான் பெயர் வாங்கின. கட்டி சோப்பு பயன்படுத்துபவருக்கு அதன் விறைப்பு உதவும். ஆனால் பொறுமை வேண்டும்: ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊற வேண்டும், நுனி பிளந்து பழக பதினைந்து இருபது ஷேவ் ஆகும். முதல் சில நாள் விலங்கு வாடை வரும், ஷாம்பூ போட்டுக் கழுவினால் குறையும். பேட்ஜர் சூட்டையும் தண்ணீரையும் நன்றாகப் பிடித்து வைக்கும், முகத்தில் படும் சுகம் தனி. அதற்கு ஆசைப்பட்டால் நேரடியாக ஷேவிங் பொருள் மட்டும் விற்கும், திரும்ப எடுக்கும் நிபந்தனையை எழுத்தில் தரும் கடையில், உரிய விலை கொடுத்து வாங்குங்கள்.

ஏமாந்தபின் செய்ய வேண்டியது. விளம்பரப் பக்கத்தின் தலைப்பு, விவரம், விற்பனையாளர் பெயர், தயாரித்த நாடு எல்லாம் தெரியும்படி உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன கையோடு "பேட்ஜர்" என்ற சொல் அங்கிருந்து காணாமல் போகும். பிடுங்கிய முடியை வெள்ளைத் தாளில் செல்லோடேப் போட்டு ஒட்டி வையுங்கள். விற்பனையாளரோடு சாட்டில் மல்லுக்கட்டுவது வீண். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். "பயன்படுத்தப்பட்டது" என்று தட்டிக்கழித்தால், கேட்பது மனமாற்றத்துக்கான ரிட்டர்ன் அல்ல, விளம்பரத்தில் சொன்ன பொருளே வரவில்லை என்று அழுத்தி எழுதுங்கள். பொருளின் தரத்தையும் மூலப்பொருளையும் பொய்யாகச் சொல்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 300 ரூபாய் பேரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்தவர் அந்த ஐந்து ஸ்டாரைப் பார்த்துத்தான் வாங்குவார்.

முடி உதிர்வு பற்றி வரும் புகார்களில் பாதி அவசரப் புகார். எந்த பிரஷ்ஷிலும் முதல் ஐந்தாறு ஷேவில் சில முடி உதிரும், அது கட்டும்போது பசையில் மாட்டாத உதிரி. பத்து ஷேவ் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது நடுவில் இருந்து கொத்தாக வந்தால், அடிப்பசை சரியில்லை. கொதிக்கும் தண்ணீரும் இதைச் செய்யும். 50 டிகிரிக்கு மேல் போகாமல், கை பொறுக்கும் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து அடிமுடி விறைத்துவிடும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசினால் போய்விடும். கொத்து முழுசாகக் கைப்பிடியை விட்டுக் கழன்று வந்தால் பதற வேண்டியதில்லை: பழைய பசையைச் சுரண்டிவிட்டு, இரண்டு டியூபாக வரும் எபாக்ஸிப் பசையைக் கலந்து குழியில் வைத்து, கொத்தை நேராக நிறுத்தி 24 மணி நேரம் காயவிட்டால் மறுபடி நிற்கும். முடி முடியாக உதிர்கிற பிரஷ்ஷுக்கு அந்த வைத்தியம் செல்லாது.